என் நாற்காலியில் உட்காராத சாமிகள்

சலூன்காரன் முன்னால் ஊரே தலை குனியும். எழுந்து வெளியே போனதும் குனிய வேண்டியவன் சலூன்காரன்தான். கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டேன். ஒரே ஒரு சுழல் நாற்காலி. காரைக்கால்மேட்டு மீனவர், பட்டினத்து பாய், மாதா கோயில் வாத்தியார் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். உட்காராதவர்கள் சாமிகள் மட்டும். ஒரு சாமியையாவது அதில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது எனக்கு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

மடத்துச் சாமி

சந்நியாசிகள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பௌர்ணமியன்று, தலையை முழுக்க மழித்துக்கொள்வது வழக்கம். பக்கத்து ஊர் மடத்திலிருந்து எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். முன்வாசல் வழியாகப் போகக் கூடாது. மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய்க் குளத்துப் படியில் காத்திருக்க வேண்டும். சாமி வருவார், தலையைக் காட்டுவார், வாய் திறக்க மாட்டார். முடிந்ததும் என் கை பட்ட தோஷம் தீர முழுக்குப் போடுவார். அழுக்கு இருந்தது என் கையிலா, அவர் தலையிலா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு முறை பொறுக்க முடியாமல் மடத்துக் காரியஸ்தரிடம் கேட்டேன், சாமி கடைக்கே வந்தால் நாற்காலியில் வசதியாக இருக்குமே என்று. அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “உன் கை படலன்னா சாமிக்கு சந்நியாசம் நிக்காது. பட்டுட்டா குளிக்காம தீராது. இதுல நாற்காலி எங்க வந்துது?”

ஜடைச் சாமி

சனிக்கிழமை திருநள்ளாறு போகிற கூட்டத்தை நம்பி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜடாமுடிச் சாமியார் உட்கார்ந்திருப்பார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவரிடம் விபூதி வாங்கிக்கொள்வார்கள். ஒரு நாள் விடிந்ததும் என் கடையின் பின்பக்கம் வந்து நின்றார். ஜடைக்குள் பேன் புழுத்துவிட்டது, வெளியே தெரியாமல் உள்பக்கம் மட்டும் வெட்டிவிட வேண்டும் என்றார்.

உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். மாட்டேன் என்று சாக்கடை ஓரத்தில் குந்திக்கொண்டார். பேன் அவருடையது, முதுகு வளைந்தது எனக்கு. ஏன் சாமி இப்படி என்று கேட்டதற்குக் கூசாமல் சொன்னார்: “நாற்காலியில உட்கார்ந்தா நான் உங்கிட்ட முடி வெட்டிக்கிறவன். இங்க உட்கார்ந்தா நீ எனக்குத் தொண்டு பண்றவன்.”

மாலைச் சாமி

எண்பதுகளில் சபரிமலைக்கு மாலை போடுவது எங்கள் பக்கம் பரவியது. நாற்பத்தோரு நாள் கத்தி படக் கூடாது. கார்த்திகை வந்தால் என் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அதைக்கூடத் தெய்வ காரியம் என்று பொறுத்துக்கொண்டேன்.

நெடுங்காட்டு மிராசு வீட்டுப் பிள்ளை ஒருவர், வாரம் தவறாமல் வந்து என்னை ‘வாடா போடா’ என்று கூப்பிடுகிறவர், மாலை போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க வந்தார். அவரை நான் ‘சாமி’ என்று கூப்பிட வேண்டும். உட்காருங்க சாமி என்று நாற்காலியைத் துடைத்தேன். கண்டவன் உட்காருகிற நாற்காலி என்று சொல்லி, தெருவில் நின்றே படித்துவிட்டுப் போனார். பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: “போன வாரம் வரைக்கும் அந்தக் கண்டவன்ல இவரும் ஒருத்தருதானே.”

நடந்து வந்த சாமி

அதற்கு அடுத்த வருஷம், ஒரு பௌர்ணமி காலையில், கையில் தடியும் தோளில் மூட்டையுமாக ஒரு வயதான பரதேசி வாசலில் நின்றார். திருநள்ளாற்றுக்கு நடந்தே போகிறாராம். தலையைத் தடவிக் காட்டினார். இத்தனை வருஷக் கோபமும் எனக்கு ஒன்றாகக் கிளம்பியது. அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் ஒரு சாக்கை எடுத்து வெளியே வெயிலில் விரித்து, அங்கே உட்காரச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

மழித்து முடித்ததும், குளிக்க வேண்டுமானால் அதோ தெருக்குழாய் என்று கையைக் காட்டினேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை. உள்ளே மின்விசிறிக்குக் கீழே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அதுல எல்லாரும் உட்கார்றாங்க போலருக்கே. நான் உட்காரக் கூடாதுங்களா?”

என் நாற்காலியில் உட்கார மனசிருந்த ஒரே சாமியையும் நானே வெளியில் உட்கார வைத்தேன் என்பதுதான், இத்தனை தலைகளுக்குக் கத்தி போட்டதில் என் தலையில் ஏறிய பாடம்.