ஏரோப்ளேன் சாரின் மெடிக்கல்

ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார் ஏரோப்ளேன் சார். கண்கள் இறுக மூடியிருக்கின்றன. உடம்பு கொஞ்சம் ஆடினாலும் காலை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அது முடிந்ததும் ஜன்னலுக்கு வந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க் கட்டடத்துத் தையற்கடை போர்டைப் படிப்பார். பிறகு மற்ற கண். அடியில் பொடியாக இருக்கும் போன் நம்பர் வரை தெரிந்தால்தான் அன்றைக்குக் காப்பி இறங்கும். அந்த நம்பர் அவருக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டதே என்று மனைவி சொல்லிக்காட்டினால் அவர் காதில் விழாது. காதுக்கு வேறு சோதனை வைத்திருக்கிறார்.

அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்தான் ஏரோப்ளேன் சார். தொழில், சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. இந்தத் தொழிலில் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதற்கென்று உள்ள டாக்டர் அவ்வப்போது சான்று தர வேண்டும். அந்த டாக்டரிடம், வேறு எந்த டாக்டரைப் பார்த்தாலும் ஏன் பார்த்தோம் என்று சொல்லியாக வேண்டும். ஆகவே சார் வேறு எந்த டாக்டரையும் பார்ப்பதில்லை. அவர் வீட்டில் இருமலுக்குத் தூசி என்று பெயர். தலைவலிக்கு வெயில். முதுகு பிடித்துக்கொண்டால் குற்றம் நாற்காலியுடையது.

"இந்த வீட்ல மனுஷங்களுக்கு ஒண்ணும் வராது. வந்தா நாற்காலிக்குத்தான் வரும்" என்பார் மனைவி.

மனைவியைப் படுத்தும் இன்னொரு பழக்கமும் உண்டு. பயிற்சி விமானத்தில் இரண்டு பேர் முன்னாலும் ஓட்டும் பிடி இருக்கும். யார் பிடித்திருக்கிறார்கள் என்பதில் குழப்பம் வந்தால் இரண்டு பேர் கதையும் முடிந்தது. அதனால் சார் பிடியைக் கொடுக்கும்போது "உன் கையில" என்பார். கற்பவர் "என் கையில" என்று சொல்ல வேண்டும். சார் மறுபடி "உன் கையில" என்று சொன்ன பிறகே கையை எடுப்பார். இந்தச் சடங்கை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குடையோ, காய்கறிப் பையோ, நியூஸ்பேப்பரோ, வாய்விட்டுச் சொன்னால்தான் விடுவார். மகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். மனைவி ஒருநாளும் சொன்னதில்லை. "வாங்கினது கண்ணுக்குத் தெரியலையா?" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வார்.

அப்படித்தான் போன மாதம் சமையலறையில் காலி டம்ளரை நீட்டி "உன்" என்றார். மிச்சம் வரவில்லை. டம்ளர் விழுந்தது, பின்னாலேயே அவரும் விழுந்தார். கண் திறந்தே இருந்தது; ஆனால் அதில் ஆள் இல்லை. மனைவி கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பிறகு திரும்பி வந்தார். "வழுக்கிடுச்சு" என்றார். சத்தம் கேட்டு மகள் ஓடி வருவதற்குள் மனைவி துணியை எடுத்து, பொட்டு ஈரமில்லாத அந்தத் தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"தண்ணி கொட்டிக் கிடந்துச்சுடி, அப்பா பாக்கல" என்றார்.

அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் அவர் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் முழுக்க குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவியும் நிற்கிறார். பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு வாழும் வீட்டில் சாப்பாடு எங்கே ருசிக்கும்?

இப்போது அவரிடம் கற்பவர்களில் பேக்கரி நடத்தும் பெண் ஒருத்தி இருக்கிறாள். துணிச்சல்காரி, ஆனால் கீழே இறங்கும் நேரத்தில் வெலவெலத்துப்போவாள். "சார், எனக்குக் கை ஓடலன்னா என்ன ஆகும்?" என்று போன வாரமும் கேட்டாள்.

"அதுக்குத்தானேம்மா பக்கத்துல நான் இருக்கேன்." எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்தான். அன்றைக்குச் சொன்ன வாயே கசந்தது.

சான்றுக்கான மெடிக்கல் பரிசோதனை நாளில் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கண் சரி, காது சரி, ரத்த அழுத்தம் சின்னப் பையனுக்கு இருப்பதுபோல இருந்தது. நெஞ்சின் துடிப்பைக் கோடாக இழுத்த காகிதத்திலும் கோளாறு இல்லை. டாக்டர் பழைய சிநேகிதர். கேட்கும் தோரணையிலேயே பதிலையும் சேர்த்துக் கேட்பவர்.

"மயக்கம், வலிப்பு, ஒண்ணும் இல்லையே?"

வழக்கமாகக் கேள்வி முடியுமுன் 'இல்ல' வந்துவிடும். இந்தத் தடவை வரவில்லை. பேனா நின்றது.

"வீட்ல விழுந்தேன் டாக்டர்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வழுக்கியா?" என்று கேட்டார். கேள்வி அல்ல அது, கைகொடுத்துத் தூக்கிவிடுவது. 'ஆமாம்' என்று ஒரு தலையசைப்பு போதும்.

"தரை காஞ்சிருந்துச்சு" என்றார் சார்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "காரணம் தெரியற வரைக்கும் சான்று தர முடியாதே சார். தெரிஞ்சாலும் சுலபமில்ல. ஏற்கனவே லைசென்ஸ் வாங்கினவங்க ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கலாம். ஆனா விமானம் அவங்க பொறுப்பு. புதுசா கத்துக்கறவங்க யாரையும் மேல கூட்டிட்டுப் போக முடியாது." கொஞ்சம் தயங்கி, "காரும் வேணாம்" என்றார்.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி, சாரின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

கார் வரை சேர்ந்து நடந்தார்கள். சார் பழக்கத்தில் ஓட்டுபவர் பக்கமே போய்விட்டார். கதவைத் திறந்தார், நின்றார், மூடினார். சாவியை நீட்டினார்.

"உன் கையில."

மனைவி சாவியைப் பிடித்தார். பிடுங்கவில்லை.

"என் கையில" என்றார்.

அவர் மறுபடி சொல்ல வேண்டும். சாவியின் ஒரு முனை இன்னும் அவர் விரல்களுக்குள்ளேயே இருந்தது. மனைவி இழுக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.