ஸ்கேனில் தெரியாத பயம்

சிவகாசியில் விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்திவந்தார். புதிதாக ஒரு சரம் கட்டி முடித்தால் முதல் சரத்தை அவரே பற்றவைப்பார். காதைப் பொத்திக்கொள்ள மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் எங்காவது வெடிக்காமல் விட்டுப்போகிறதா என்று காதாலேயே கவனித்தபடி நிற்பார். எனக்கு அவரைப் பற்றி நினைத்தால் முன்பெல்லாம் அதுதான் ஞாபகம் வரும்.

தீபாவளி சீசனில் ஒரு மதியம் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த கணவனும் மனைவியும் அங்கேயே இறந்தார்கள். அண்ணன் அப்போது அந்த அறையை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தாராம். முழங்கையில் சிராய்ப்பைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தார் என்று எல்லோரும் சொன்னோம்.

கம்பெனியை மூடியாயிற்று. ஆனால் சிவகாசியில் சத்தம் இல்லாத நாள் ஏது? எங்கேயாவது ஒரு வெடியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணன் எழுந்து ஓடினார். அண்ணி முன்பே தவறிவிட்டார். மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். நான் அவரைக் காரியாபட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இங்கே சுற்றிலும் காடுகரைதான், அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வந்த மறுநாளே குக்கர் விசில் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார். செருப்பில்லாமல் தெருமுனையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"குக்கருண்ணே, வேற ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

"குக்கருன்னு எனக்கும் தெரியுதுத்தா. காலு கேக்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். கதவு அறைந்து சாத்தினாலும் ஓடினார். தென்னை மட்டை விழுந்தாலும் ஓடினார்.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். எந்தக் குறையும் இல்லை. அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "சத்தம் காதுக்குள்ள போனதும், பயத்துக்குன்னு மூளையில இருக்கிற இடம் முதல்ல முழிச்சுக்கும். யோசிக்கிற பகுதிக்கு விஷயம் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும். குக்கர்னு அவருக்குப் புரியறதுக்குள்ள உடம்பு ஓட ஆரம்பிச்சிரும். அவர் வேணும்னு செய்யல."

"சரியாயிருமா?" என்று என் கணவர் கேட்டார்.

"மாத்திரை தரேன். பேசிப் பேசியும் சரிபண்ணப் பார்க்கலாம். ஆனா எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது."

போனோம், வந்தோம். நடந்ததைப் பேசச் சொன்னால், வெடித்த அறையின் வாசல்வரைக்கும் பேசுவார். அதற்கு மேல் நாக்கு எழாது.

இதற்கிடையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. விருதுநகரில் மண்டபம். வெடி போடக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம், அவர்களும் சம்மதித்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் தெருவில் யாருடைய இறுதி ஊர்வலமோ போயிற்று. அவர்கள் வெடி போட்டுக்கொண்டு போனார்கள். மேடையிலிருந்து அண்ணன் எப்போது இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. தேடிப் போனபோது சமையல்கட்டில் காய்கறி மூட்டைகளுக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி நனைந்திருந்தது. மாலையும் கழுத்துமாக மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, எந்திரிங்கப்பா," என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவளப் போகச் சொல்லுத்தா," என்று என்னிடம்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஓட்டம் நின்றது. பக்கத்து வீட்டில் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைத்தபோது கூட அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் அவர் சொல்வதில்லை. அண்ணியின் திதி வந்து போனது, ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையைக் குறைத்தால் ஓட்டம் திரும்பியது. கூட்டினால் மனுசன் இல்லை. மருத்துவர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில், "மருந்து மட்டுமே காரணம்னு சொல்ல முடியலம்மா. பல நாள் பயந்தே கிடந்த மனசு சில சமயம் இப்படி மரத்தும் போகும்," என்றார்.

போன மாதம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பேத்தியை அவர் மடியில் கிடத்தினாள். குழந்தை வீறிட்டு அழுதது. அவர் கை தூக்கவில்லை. குழந்தை மடியிலிருந்து சரியத் தொடங்கியது. நான் பாய்ந்து பிடித்தேன்.

"அண்ணே, உங்க பேத்திண்ணே."

"தெரியுதுத்தா," என்றார்.

மகள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சாயங்காலமே கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது, "இனிமே போன்ல பேசிக்கிடுறேன் அத்தை," என்றாள். நான் சரி என்றேன்.