அம்பிகா போடாத சண்டை

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் பதினோரு வருடமாகத் தூசி கூட்டுகிறாள் அம்பிகா. சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு இரண்டு ஏக்கரைக் கொடுத்ததற்காக அவள் குடும்பத்துக்குக் கிடைத்த வேலை. அதுவும் காண்ட்ராக்ட்தான். இத்தனை வருடத்தில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை எல்லோரும் மெச்சினார்கள், அவர்களுக்கு வசதியாக இருந்ததால்.

போன வாரம் பேக்கிங் ஷெட்டில், அவள் மகன் வயதே ஆன சூப்பர்வைசர் அன்பழகன், அத்தனை பேர் முன்னால், "ஏய், இங்க வாடி" என்றான். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கன்னு கூப்பிடுங்க சார்" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் கத்தியதெல்லாம் அவன்.

மறுநாள் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை தொடரும். இல்லையென்றால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். படிக்காமலே போட்டுக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். அம்பிகா பஸ் ஏறிப் பெரம்பலூரில் டைப்பிங் கடை வைத்திருக்கும் நாத்தனார் வேணியிடம் போனாள்.

"ஆல்டர்கேட்னு போட்டுருக்கான் அண்ணி," என்றாள் வேணி. "நீங்க சூப்பர்வைசரோட வாய்ச்சண்டை போட்டீங்களாம். பேச்சுல யாரும் இந்த வார்த்தையச் சொல்லமாட்டாங்க, இப்படி ஆபீஸ் காகிதத்துலதான் வரும்."

"அடிச்சேன்னு இருக்கா?"

"இல்ல, வாய்தான். ஆனா ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்துனாத்தான் அந்த வார்த்தை."

அம்பிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியவனையும் திட்டு வாங்கியவளையும் ஒரே வார்த்தைக்குள் அடைத்திருக்கிறார்கள் பாவிகள். நிலம் போயிற்று, நெஞ்செல்லாம் தூசியாயிற்று, இப்போது போடாத சண்டைக்குக் கையெழுத்தும் வேண்டுமாம்!

"போட்டுருங்க அண்ணி. புள்ளைங்க படிப்பு இருக்குல்ல," என்றாள் வேணி. அம்பிகா காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை மேனேஜர் பேனாவை நீட்டினார். அன்பழகன் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுல எழுதியிருக்கறத நான் இன்னும் செய்யல சார். செஞ்சுட்டுப் போடுறேன்," என்று அவன் பக்கம் திரும்பினாள்.

"டேய் அன்பழகா! உன்னப் பெத்தவளையும் இப்படித்தான் கூப்பிடுவியாடா? வயசு தெரியாதா ஒனக்கு? அடுத்த பொம்பளைய வாடின்னு கூப்பிட ஒனக்கு யாருடா உரிமை குடுத்தது?" பதினோரு வருடம் விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. "பேசுடா! ரெண்டு பேரும் பேசுனாத்தான் சண்டையாம், பேசு!"

அன்பழகன் தரையைப் பார்த்தான். அம்பிகா காத்திருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"இப்பவும் சண்டை நடக்கல சார்," என்றாள் மேனேஜரிடம். "இதுக்கு எப்படி நான் கையெழுத்துப் போடுறது?"

கழுத்திலிருந்த கேட் பாஸைக் கழற்றி, அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.