வெயிலுக்குப் போன திரைக்காரம்மா

ஜன்னல் திரை தைக்கும் திரைக்காரம்மா மலை நகரத்துக்கு உல்லாசப் பயணம் போன இடத்தில், ஓட்டல் பில்லுக்குக் காசில்லாமல் அறைத் திரைகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று ஒரு பேச்சு. முதலில் ஒரே ஒரு திரை என்றார்கள். நாலு வாய் மாறுவதற்குள் மொத்த ஓட்டலுக்கும் தைத்திருந்தாள். கிளப்பிவிட்டவள், அவளோடு அதே திரைக் கடையில் வளையம் கோக்கும் பெண். மடக்கிக் கேட்டால், "நான் பார்த்தேனா? சொன்னாங்க, சொன்னேன்" என்று கையை விரித்தாள். சொன்னவரைத் தேடிப் போனால், வளையக்காரி சொல்லித்தான் தனக்கே தெரியும் என்றார். திரைக்காரம்மாவாவது மறுப்பாள் என்று பார்த்தால், "அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். தன் மேல் விழுந்த பழியை ஒருத்தி இவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டால், அதைவிடக் கனமான ஏதோ கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

தைத்தது நிஜம்தான். பில்லுக்காக இல்லை. அறை வாடகையை அவள் புருஷன் முன்கூட்டியே கட்டியிருந்தார்.

அவள் வீட்டுக்காரர் ரொட்டிக்காரர். ஆயுசெல்லாம் ராத்திரி ஷிஃப்ட்டில் மாவு பிசைந்தவர். ஊர் விழிக்கும்போது வந்து படுப்பார். அவர் தூங்கவேண்டுமே என்று திரைக்காரம்மா கனத்த துணியில் உள்துணி வைத்து, வீட்டு ஜன்னலுக்கெல்லாம் இருட்டைத் தைத்து மாட்டினாள். அவர் எழுந்தால் அவள் கடையில் இருப்பாள். அவள் திரும்பினால் அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் இடித்துக்கொண்டதையே குடித்தனம் என்று நம்பிவிட்டார்கள் என்பாள் வளையக்காரி.

அவர் வேலையை விட்ட கையோடு இருமல் பிடித்துக்கொண்டது. மாவுத்தூசி நெஞ்சுக்குள் குடிவந்துவிட்டது, இனி காலி செய்யாது என்று டாக்டர் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் ஊரை மூடிய மேகமும் அசைவதாக இல்லை. மலை நகரத்தில் மட்டும் வெயில் காய்கிறது என்று பேப்பரில் படம் வந்தது.

"ரெண்டு மூணு நாள் போயிட்டு வரலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"டாக்டர் சொன்னாரா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? நீயும் நானும் ஒண்ணா வெயில்ல உட்கார்ந்திருக்கோமா, சொல்லு. கல்யாண போட்டோவே உள்ள வெச்சு எடுத்ததுதான்."

"உட்கார்ந்து என்ன பண்றது?"

"உட்கார்ந்துதான் பண்றது!"

அவர் அவளிடம் கேட்டது அவ்வளவுதான்.

வெயில் நிஜமாகவே இருந்தது. படத்தில் போட்டபடி ஒரு சாமான் கைக்கு வந்தது அவள் அனுபவத்தில் அதுவே முதல் தடவை. அறையில் பெரிய ஜன்னல், அதன் ஓரம் இரண்டு நாற்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் திரையைப் பார்த்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

மேல்துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டித் தைத்திருந்தார்கள். துவைத்ததும் அது சுருங்கிவிட்டது. இரண்டு திரையிலும் உள்துணி பாவாடை மாதிரி எட்டிப் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத் தாண்டி மலையைப் பார்த்திருப்பார்கள். அவள் அறை துடைக்க வந்த பெண்ணிடம் ஊசியும் நூலும் கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"உங்க திரைக்கு மானம் போகுதும்மா."

"அப்போ ரெண்டுக்கும் காப்பாத்திக் குடுங்க."

"பின்னே, ஒண்ணை மட்டும் அம்போன்னு விடுவேனா?"

அன்றைக்கு இரண்டின் அடியையும் பிரித்தாள். "வாயேன், வெயில் சுகமா இருக்கு" என்றார் அவர். "இதோ வந்துட்டேங்க. பிரிச்சதை அப்படியே போட்டா சுருண்டுக்கும்." மறுநாள் ஒன்றை மடித்துத் தைத்தாள்.

"உனக்கு இங்க யாரு சம்பளம் குடுக்கறா?"

"முடிஞ்சிருச்சு, இந்த ஓரம்தான். நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க."

"ஆயுசுக்கும் பகல்ல கண்ணை மூடியாச்சு, தாயே."

பல்லில் நூலைக் கடித்தபடி சிரித்தாள். கை நிற்கவில்லை. தைத்து மாட்டிவிட்டுத் திரும்பினால், அவர் அசந்துவிட்டிருந்தார். முகத்தில் வெயில் அடித்தது. பகலில் அவர் தூங்கினால் அவள் என்ன செய்வாளோ, அதையே செய்தாள். சத்தமில்லாமல் இரண்டு திரையையும் இழுத்துவிட்டாள். வேலை சுத்தம், ஒரு கீற்று உள்ளே வரவில்லை.

விழித்தவர் இருட்டில் கையால் துழாவினார். "எங்கே போச்சு வெயில்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் விலக்கினாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. "அடிப்பாவி, இங்கேயும் வந்து நம்ம வீட்டையே தைச்சுட்டியா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. கிடைத்த வண்டியில் ஊருக்குத் திரும்பினார்கள். ஆஸ்பத்திரியில் உள்சுவர் ஓரமாகக் கட்டில் கொடுத்தார்கள். ஜன்னல் பக்கம் மாற்றச் சொல்லி அவள் தினமும் கேட்டாள். காலியில்லை என்றார்கள். குளிர் விடுவதற்குள் அவர் போய்விட்டார்.

மலை ஓட்டலில் அறை துடைக்கும் பெண் அவ்வப்போது போன் செய்கிறாள். "அக்கா, அந்த இன்னொரு திரை பிரிச்ச மேனிக்கே தொங்குது. மேனேஜர் வேற ஆளைக் கூப்பிடறேங்கறார். நீங்க வருவீங்கன்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஐயா நல்லா இருக்காரா?"

"வர்றேம்மா" என்று முதல் பேச்சுக்கு மட்டும் பதில் சொல்லுவாள்.

மலை நகரத்துக்குத் தினமும் பஸ் இருக்கிறது. ஒரு மத்தியான வேலைதான். ஆனால் அந்த ஜன்னலுக்குத் தைக்க, அவர் பக்கத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்ட அந்த நாற்காலியில்தான் உட்காரவேண்டும். அவள் இன்னும் போகவில்லை.