விதைக்காத புஞ்சையையும் எழுதச் சொன்னவள்

அழகுமீனாளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், "என்னடி, காலங்காத்தால?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவள் மகன். "அத்தே, அம்மா போயிட்டாக. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடத் தாங்கலை" என்றான். அவன் வைத்த பிறகும் நான் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நகர்ந்தேன்.

அவளை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவளோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே நாளில் அரசு வேலையில் சேர்ந்தோம். அவள் எனக்கு இரண்டு வயது மூத்தவள். சிங்கம்புணரிப் பக்கம் ஊர் ஊராகப் போய், நிலக்கடலையும் எள்ளும் எவ்வளவு விளைந்தன, எவ்வளவு அழிந்தன, எதனால் அழிந்தன என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் அனுப்புவதை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பட்டியலாக்குவது என் வேலை. "வெயில் எனக்கு, காத்து உனக்கு. நல்லாப் பிரிச்சாகடி" என்று கடைசிவரை கேலி செய்தாள்.

சேர்ந்த புதிதில் அவளுடைய தாள்களில் செங்கம்பளிப்புழுதான் நிறைந்திருக்கும். ஒரே வாரத்தில் இலையெல்லாம் போய்க் குச்சி நிற்கும். சில ஆண்டுகள் கழித்து, பூக்கிற சமயத்தில் மழை பொய்த்தது. பிறகு அதுவே பறிக்கிற சமயத்தில் வந்து கொட்டியது. கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. அப்புறம் காட்டுப்பன்றியும் மயிலும் வந்தன. "முந்திப் புழு தின்னுச்சு, பெறகு வெயில் தின்னுச்சு, இப்ப மயிலு திங்குது. வெதைச்சவன் எப்பத்தாண்டி திங்கிறது?" என்பாள். அத்தனை ஆண்டுப் பட்டியலையும் அவள் இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

ஒருமுறை என்னையும் புஞ்சைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு விவசாயியின் நிலத்தில் பாதிக்கு மேல் மயில் கிளறிப் போட்டிருந்தது. கால் தடம் பளிச்சென்று தெரிந்தது. அவரோ, "மயிலுன்னு எழுதாதீகம்மா. குன்றக்குடிக்குக் காவடி எடுக்குறவன் நான். முருகன் வாகனத்து மேல புகார் எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று அடம்பிடித்தார். பன்றி என்று எழுதச் சொன்னார். பார்க்காத பன்றியை எழுத அழகுவுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் யோசித்து, "பறவைன்னு எழுதுறேன்ணே. எந்தப் பறவைன்னு முருகனுக்குத் தெரியும்ல" என்றாள். அவர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். பொய் எழுதாமல், மனிதரையும் நோகடிக்காமல் இருக்க அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பல ஆண்டுப் பயிர் இழப்பை நான் ஒரு வரைபடமாகப் போட்டிருந்தேன். ஏறிக்கொண்டே வந்த கோடு கடைசி ஆண்டுகளில் இறங்கியிருந்தது. கூட்டத்தில் அதைப் பார்த்த அதிகாரி, இழப்பு குறைந்துவிட்டதாக மகிழ்ந்து பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் அழகு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "செத்தவனுக்குக் காய்ச்சல் வராதுடி வசந்தா. அதுக்காக நல்லா இருக்கான்னு எழுதுவியா?"

நட்டம் தாங்காமல் பலர் விதைப்பதையே விட்டிருந்தார்கள். கடலை போட்ட இடத்தில் வேலிக்கருவை முள் மண்டி நின்றது. விதைக்காத நிலத்தில் இழப்பு ஏது? அதனால்தான் கோடு இறங்கியது. ஊர்வாரியாக அந்த நிலங்களைத் தனித்தாளில் எழுதி அவள் எனக்கு அனுப்பியே இருந்தாள். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நான் அந்தத் தாளைக் கோப்பின் அடியில் வைத்துவிட்டேன். "அடுத்த வருஷம் அடிக்குறிப்பாவது போடுறேன்" என்றேன். அடுத்த ஆண்டும் போடவில்லை. மேலே கேள்வி வருமே என்று பயம். பயம்தான், வேறு காரணம் இல்லை.

அவள் ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசியில் முதல் கேள்வி அதுதான்: "போட்டியாடி?" ஒருநாள் சலித்துப்போய், "போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "நீ செய்வேன்னு தெரியும்டி" என்றாள். அதன்பின் அவள் அதைக் கேட்கவே இல்லை. நானும் நிம்மதியாக ஓய்வு பெற்றேன்.

கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் அவள் ஊர். துக்க வீட்டில் அவள் காலருகே உட்கார்ந்திருந்தேன். வேட்டியில் செம்மண் கறையோடு ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். "நீங்கதான வசந்தா மேடம்? அழகு சொல்லுச்சும்மா. நாங்க வெதைக்க முடியாமச் சும்மா போட்ட நெலத்தையும் நட்டத்துல சேத்து எழுதுனது நீங்கதானாம்ல. ஊர் ஊராப் போயிச் சொல்லுச்சு. எங்களையும் ஒரு ஆளா எழுதுனீகளே, நல்லா இருப்பீக" என்று கும்பிட்டார். பின்னால் இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? நானும் கைகூப்பினேன். அழுகை தாங்க முடியாமல் வந்தது. தோழிக்காக அழுகிறேன் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

அவளுடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தனித்தாளைக் கூட அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அவள் எனக்கு வாங்கிக் கொடுத்த அந்தக் கும்பிடுதான் என்னிடம் இருக்கிறது. எனக்கு உரிமையில்லாத அதை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. அதனால் அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

நான் போடலடி, அழகு.