கியோட்டோ நூடுல்ஸ் கடையில் நான் சொன்ன பதில்

டூர் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணே, கியோட்டோவுல குரூப்ப எங்க சாப்பிட வைக்கலாம்?" கடைப் பெயர் கேட்காதீர்கள். இதைப் படியுங்கள்.

ஜப்பானின் பழைய தலைநகரம் அது. கடைகள் சின்னவை. மதியம் இரண்டு மணி தாண்டினால் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும். சுத்த சைவம் வேண்டுமென்றால் புத்தக் கோயில்களை ஒட்டி மடத்துச் சாப்பாடு உண்டு. முன்பே புக் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அந்த முறை வந்தவர்கள் விராலிமலைப் பக்கத்து ரிடையர்டு டீச்சர்கள், எட்டுப் பேர். ஒன்றே முக்காலுக்குத்தான் ஒரு கடை கிடைத்தது. உடான் என்று தடித்த நூடுல்ஸ், ரசம் மாதிரி சூடான சாற்றில் மிதக்கும். ஏழு பேர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை.

அவர் மகளுக்கு மூன்று முறை கரு கலைந்திருந்தது. இது நாலாவது, ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று முருகனுக்கு வேண்டியிருந்தார்.

"தம்பி, இதுல மீனு எதுவும் இருக்கா?"

பக்கத்து டீச்சர் சிரித்தார். "ஏன்டி, தண்ணிக்குள்ள மீனா நீந்துது? சாப்புடுடி, ஆறிப்போவுது."

நான் மீமிசல்காரன். கருவாடு காயும் மணலில் வளர்ந்தவன். ஆவி மூக்கில் பட்டதுமே அது கருவாட்டுச் சாறு என்று தெரிந்துவிட்டது. வேறு கடை தேட நேரமில்லை.

"இல்லங்க டீச்சர். வெறும் காய்ச் சாறுதான்."

கடைசிச் சொட்டுவரை குடித்தார். "நல்லாருக்கு தம்பி. இப்பத்தான் உசுரு வந்துச்சு."

கிளம்பும்போது கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். அவருக்கு அதில் பெருமை. இழைப்புளியில் சீவியது போல மெல்லிய கருவாட்டுச் சுருள்கள். வேண்டுதல் இருந்த டீச்சர் கையிலும் கொஞ்சம் வைத்தார். அவர் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த நான்கு நாளும் அவருக்கு வாழைப்பழமும் தண்ணீரும்தான்.

திருச்சி ஏர்போர்ட்டில் கேட்டார்: "நீங்க மீமிசல்தானே தம்பி? ஒங்களுக்குமா வாடை தெரியல?"

"சளி புடிச்சிருந்துச்சு டீச்சர்" என்றேன்.

அடுத்த மாதமே அந்தக் குழந்தையும் போய்விட்டது என்று கூட வந்த டீச்சர் ஒருவர் போனில் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தால், பசித்தவர் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கியாவது சொல்லுங்கள். அன்று எட்டுப் பேரும் பட்டினி கிடந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சாற்றால் குழந்தை போகவில்லை. அதைச் சொல்லத்தான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மீன் இல்லை என்று சொன்னதும் இதே வாய்தான். இதை மட்டும் அவர் எப்படி நம்புவார்?