தலை எண்ணும் இடங்கள்

தையல் ஆலையில் அவளுக்கு செகண்டக்கா என்று பேர். நாற்பத்திரண்டு வயது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கும். காலர் வைக்க எத்தனை நொடி, பொத்தான் துளை போட எத்தனை நொடி, தைத்ததைத் திருப்பி அடுத்தவள் பக்கம் தள்ள எத்தனை நொடி என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வயதில் நூல் பிசிறு வெட்டுகிறவளாக உள்ளே போனவள், மெஷினில் உட்கார்ந்து, பிறகு அந்த மெஷின்களுக்கே நேரம் சொல்கிறவளாக ஆகிவிட்டாள். சும்மா ஆகவில்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர், 'இவளுக்கு என்ன தெரியும்?' என்று கேட்டிருக்கிறார்.

அவள் மகள் பட்டம் வாங்கினாள். அந்த வீட்டில் முதல் பட்டம். 'என்ன வேணும்னு கேளுடி' என்றதற்கு மகள் புடவையும் கேட்கவில்லை, வளையலும் கேட்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் அந்த பார்க்குக்குப் போகணும்மா. எல்லாரும்னா எல்லாரும்" என்றாள்.

அந்த பார்க்கைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. பாதி பஸ்களின் முதுகில் அதன் படம்தான். ராட்சச ராட்டினம், அலை அடிக்கும் குளம், தலைகீழாகச் சுற்றும் ரயில். உள்ளே போனவர்கள்தான் குறைவு. டிக்கெட் விலை அப்படி. ஆனால் மகள் போனில் துழாவி ஒரு சலுகையைக் கண்டுபிடித்துவிட்டாள். வார நாளில், பத்துப் பேராகப் போனால், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதிவு செய்ய வேண்டும்.

செகண்டக்கா அங்கேயே விரல் விட்டாள். அவளும் கணவரும் இரண்டு. மகளும் ஒன்பது வயதுப் பையனும் நான்கு. நாத்தனார், அவள் வீட்டுக்காரர், அவர்களுடைய இரண்டு வாண்டுகள், எட்டு. ஸ்கூட்டர் பழுது பார்க்கும் தம்பி ஒன்பது. மாமனார் பத்து. அளவெடுத்துத் தைத்த மாதிரி சரியாக இருந்தது. அவளுக்கு மனசு குதித்தது.

"நான் வரல" என்றார் மாமனார்.

எழுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் ஓட்டிய கதையை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த பார்க் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறார், உள்ளே போனதில்லை. "தூரத்துலேர்ந்து பார்த்தா அந்த ராட்டினம் மேகத்தக் கிண்டுற மாதிரி இருக்கும்டா" என்று பேரனுக்குச் சொன்னதே அவர்தான். அவர் ஏன் வர மாட்டேன் என்கிறார்?

"வயசான காலத்துல எனக்கு எதுக்கு அதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க. பத்தாவது ஆளுக்கு எதிர்வீட்டுக்காரனக் கூப்பிடுங்க, செருப்பு கூட மாட்டாம ஓடி வருவான்."

கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். எந்த இடைவெளியையும் சட்டென்று அடைத்துப் பழகிய கை. "அப்பா சொல்றதும் சரிதானே. என்கூட வேல செய்றவன் ஒருத்தன் இருக்கான், கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

"ஆள் கணக்குக்குத்தான்னா தெருவுல நூறு பேர் இருக்காங்க" என்றாள் அவள். "எனக்கு மாமா வரணும்."

அவள் இரண்டாம் ஷிப்ட் பார்த்த ஆறு வருடமும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து, சோறு போட்டு, வாய்ப்பாடு கேட்டவர் அவர். அவரை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு யாருக்காக அந்தக் கொண்டாட்டம்? இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திட்டம் போடுவது. நடக்க முடியாது என்ற பயமாக இருக்கும், நடந்து காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை என்று அறிவித்தாள்.

"ஒத்திகையா!" தம்பி வாயைப் பிளந்தான். "அக்கா, உன் கல்யாணத்துக்கே நாம ஒத்திகை பார்க்கல."

"அதான் அன்னிக்கு சாப்பாடு பத்தாமப் போச்சு. வாடா."

மகள் பார்க்கின் வரைபடத்தை இறக்கிக் கொடுத்தாள். செகண்டக்கா அதன் மேல் அளவுகோலை வைத்தாள். வாசலிலிருந்து அலைக்குளம் வரை அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றினால் சரி. ராட்டினத்தின் வரிசை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இருபது நிமிடம் நிற்க வேண்டும். தலைகீழ் ரயில் என்பது மாடிப்படி, மூன்று நிமிடம் உட்கார வேண்டும். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு எண் எழுதினாள்.

"நீங்க பார்க்குக்கு வர வேண்டாம் மாமா. இங்க வந்து இவங்க ஒழுங்கா நடக்கிறாங்களான்னு மட்டும் பாருங்க."

"அது செய்றேன்" என்று நாற்காலியை வாசலுக்கு இழுத்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

பத்து மணிக்குத் தொடங்கினார்கள். நாத்தனாரின் வாண்டுகள் மாடிப்படியில் உட்கார்ந்து காது கிழியக் கத்தினார்கள். "ரயில்னா கத்தணும் மாமி, இல்லன்னா டிக்கெட் வேஸ்ட்" என்று விளக்கமும் சொன்னார்கள். மூன்றாம் மாடிப் பெண்மணி எட்டிப் பார்த்து, "யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள். தம்பி வரிசையில் நின்றபடியே தூங்குவது போல நடித்தான். நாத்தனார், "அண்ணி, பொய் வரிசையிலயே காலு வலிக்குதே, நிஜ வரிசையில என்ன ஆவேன்?" என்று புலம்பினாள். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டாவது சுற்றில் தானும் சேர்ந்துகொண்டார். "ஏய், இண்டிகேட்டர் போடாமத் திரும்பாதே!" என்று பேரனை அதட்டினார். நடையில் ஒரு தளர்ச்சியும் இல்லை.

பன்னிரண்டரைக்கு ஒத்திகை முடிந்தது. செகண்டக்கா வெற்றியோடு நிமிர்ந்தாள். "பார்த்தீங்களா மாமா, தம்பியவிட நீங்க வேகம். வர்றீங்கதானே?"

சிரிப்பு அணைந்தது. "அதான் சொன்னேனேம்மா, வரலன்னு" என்று உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம் ஆலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒத்திகைத் தாளைப் பார்த்தாள். பழக்கதோஷம், ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி போட்டு நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதியிருந்தாள். மாமனார் பத்தியில் மூன்று வரி இருந்தது. பத்து நாற்பதுக்கு, கண்ணாடி எடுக்க வீட்டுக்குள் போனார். பதினொன்று இருபதுக்கு, செருப்பு மாற்றப் போனார். பன்னிரண்டுக்கு, போனை சார்ஜில் போடப் போனார்.

நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம்.

கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது.

அவளுடைய தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு வேலைக்கு எத்தனை நொடி என்று அளந்தால் மட்டும் போதாது, மேலே கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். தண்ணீர் குடிக்க, முதுகை நிமிர்த்த, கழிவறை போய்வர. அலவன்ஸ் என்பார்கள். அது இல்லாத கணக்கு இயந்திரத்துக்குப் போட்ட கணக்கு. அவள் பிசிறு வெட்டிய காலத்தில் அறுபது பெண்களுக்கு இரண்டே மர டோக்கன்கள் மேற்பார்வையாளர் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும். ஆணியில் டோக்கன் இருந்தால்தான் எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போகலாம். அதைப் போய்க் கேட்கக் கூசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்த நாட்களை அவள் மறக்கவில்லை. தன் கைக்கு ஸ்டாப்வாட்ச் வந்ததும் அலவன்ஸ் கணக்கைக் காட்டி வாதாடி, அந்த இரண்டு ஆணிகளையும் பிடுங்க வைத்தவள் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள், தன் வீட்டுத் திட்டத்தில் அலவன்ஸ் போட மறந்துவிட்டாள். காலை ஆறு முதல் மாலை ஏழு வரை, நிமிடம் பிசகாத திட்டம். அதில் ஒரு கழிவறை கூட இல்லை. இரண்டு மணி நேரம் எங்கும் நிற்காத பஸ் வேறு. மனிதர்களை அளந்து அளந்து மனிதர்களையே மறந்துவிட்டேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பசி போய்விட்டது. ஆனால் கூடவே உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டதே!

பார்க்கின் விசாரணை எண்ணுக்குப் போன் போட்டாள்.

"உள்ள மொத்தம் எத்தன பாத்ரூம்மா இருக்கு?"

எதிர்முனையில் ஒரு பெண் பட்டியலைப் புரட்டினாள். "பதினாலு மேடம். ரைடு அறுபத்திரண்டு இருக்கு மேடம்."

"ரைடு இருக்கட்டும். அலைக்குளத்துக்கும் ராட்டினத்துக்கும் நடுவுல எங்க இருக்கு? எத்தன நிமிஷ நட?"

"மேடம், நீங்க எந்தக் கம்பெனியிலேர்ந்து பேசுறீங்க?"

"குடும்பத்துலேர்ந்து."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகப் பதினாலையும் சொன்னாள். "இத யாரும் கேட்டதே இல்ல மேடம்" என்றாள் கடைசியில். "எங்கப்பாவ இதனாலதான் நான் கூட்டிட்டு வந்ததே இல்ல."

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு முன்னறை நிறைந்துவிட்டது. மகள் போனைத் தயாராக வைத்திருந்தாள். மாமனார் மூலை நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். செகண்டக்கா புதுத் தாளை விரித்தாள்.

"முதல்ல, பஸ் கிடையாது. ட்ரெயின். காலையில அஞ்சு நாப்பது."

"அஞ்சு நாப்பதா!" வீடே அலறியது. "பஸ்ல ரெண்டு மணி நேரம், ட்ரெயின்ல ரெண்டே முக்கால். ஏம்மா?" என்றாள் மகள். "நான் பார்த்து வெச்ச பஸ்ல என்ன தப்பு?"

"தப்பு உன்னோடது இல்லடி, என்னோடது. ரெண்டாவது, ஒவ்வொரு முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கும் எல்லாரும் ஒரே இடத்துக்கு வரணும். தல எண்ணுவேன். அஞ்சு நிமிஷம் நின்னுட்டுத்தான் அடுத்தது. மொத்தம் ஆறு இடம்."

"நாங்க என்ன கோழிக்குஞ்சா?" என்றார் கணவர்.

தம்பி தாளைத் தன் பக்கம் திருப்பினான். "அக்கா, நீ வட்டம் போட்டிருக்கிற இடமெல்லாம் பாத்ரூம் வாசலா இருக்கே! ட்ரெயின்லயும் பாத்ரூம் இருக்கு. யாருக்கு இங்க அவ்வளவு அவசரம்?"

அறை சிரித்தது. செய்தித்தாள் அசையாமல் நின்றது. ஒரு பக்கமும் திரும்பவில்லை.

"எனக்குத்தான்டா" என்றாள் அவள். "நாப்பது தாண்டிட்டா எல்லாம் அப்படித்தான். உனக்கும் வரும், அப்போ சிரிக்கிறேன்."

"ஐயோ, அப்போ நானும் அண்ணி பக்கம்" என்று நாத்தனார் கையைத் தூக்கினாள். "ரெண்டு பெத்தவளுக்கு பஸ்னா உள்ளுக்குள்ள நடுக்கம்தான். வெக்கமா இருக்கேன்னு சொல்லல." அவள் கணவரும் மெல்ல, "எனக்கும் ட்ரெயினே நல்லது" என்றார். இப்போது சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. தம்பி மட்டும் தனியாக நின்றான்.

ஐந்து ஐம்பது. "அம்மா, பத்தா? இல்ல வேற ஆளச் சொல்லணுமா?" என்றாள் மகள்.

செய்தித்தாள் மடிந்தது. "அதக் குடு இங்க" என்றார் மாமனார்.

தாளை மடியில் வைத்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வாசலிலிருந்து விரலை நகர்த்தினார். நெடுஞ்சாலை வரைபடம் படித்த விரல். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு வட்டத்திலும் கொஞ்சம் நின்றது. நான்காவதில் அவர் தலை தூக்கி மருமகளைப் பார்த்தார். அவள் தரையில் எதையோ தேடுகிறவளைப் போலக் குனிந்துகொண்டாள்.

"இந்த நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி."

"அங்க ராட்டினத்து வரிசை மாமா. அதனால..."

"வரிசையிலதான் ஆளு காணாமப் போவான். இங்க ஒண்ணு போடு." தம்பியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி அவளிடம் கொடுத்தார். "ட்ரெயின்ல எனக்குக் கதவுப் பக்கம் சீட்டு. காத்து வரணும்."

"தாத்தா வர்றாரு!" என்று பையன் சோபாவிலிருந்து குதித்தான். நாத்தனாரின் வாண்டுகள், ரயிலில் உட்கார்ந்த மாதிரி, காது கிழியக் கத்தத் தொடங்கினார்கள். கணவர் அலாரம் யார் வைப்பது என்று கேட்டார். யாருக்கும் காது கேட்கவில்லை.

"பத்து" என்று மகள் அழுத்தினாள்.

செகண்டக்கா தாளைச் சுவரில் வைத்து, ராட்டினத்துக்குப் பக்கத்தில் புது வட்டம் போட்டு ஐந்து என்று எழுதினாள். பழைய ஐந்தை ஆறாக்கினாள். ஆறை ஏழாக்கினாள். சுவரில் வைத்து எழுதியதால் ஏழு கொஞ்சம் கோணலாக வந்தது.